புதுமைப்பித்தனும் திருநெல்வேலியும்

புதுமைப்பித்தன் (ஏப்ரல் 25, 1906 – ஜூன் 30, 1948) நவீனத் தமிழ்ச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவர். இயற்பெயர் சொ. விருத்தாசலம். பேய், காட்டேரி, மரணம் ஆகியவற்றைக் கருவாகக் கொண்டு இவர் எழுதிய கதைகள் தமிழில் அச்சக் கதை வகைக்கு இன்றும் முன்மாதிரிகளாகக் கருதப்படுகின்றன. எனினும் இவரைப் பேய்க்கதை எழுத்தாளர் என்று மட்டும் வகைப்படுத்துவது பொருந்தாது. சமூக விமர்சனக் கதைகளே எண்ணிக்கையில் மிகுதி. திருநெல்வேலி இவர் பிறந்த ஊரும் அன்று, இறந்த ஊரும் அன்று. ஆயினும் இவருடைய எழுத்தின் ஊர் என்று அதனையே சொல்ல வேண்டும்.

திருநெல்வேலியில் வாழ்ந்த காலம்

புதுமைப்பித்தன் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை, தாய் பர்வதத்தம்மாள். தந்தை அரசுப் பணியில் இருந்தமையால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி எனப் பல ஊர்களில் தொடக்கக் கல்வி பயின்றார். எட்டு வயதில் தாயை இழந்தார். 1918-இல் தந்தை ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியபோதுதான் இவரும் அங்கு வந்து சேர்ந்தார். இந்துக் கல்லூரியில் பயின்று, 1931-இல் தமது 25-ஆம் வயதில் இளங்கலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார்.

எழுத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பிய மகனுக்கும் தந்தைக்கும் மனவேறுபாடு முற்றியது. புதுமைப்பித்தன் சென்னைக்குக் குடிபெயர்ந்து, மணிக்கொடி, ஊழியன், தினமணி, தினசரி ஆகிய இதழ்களோடு தொடர்பு கொண்டார். ஆக, அவர் திருநெல்வேலியில் வாழ்ந்தது ஏறத்தாழ 15 ஆண்டுகளே. கதைகள் பெரும்பாலும் அந்த ஊரை விட்டு நீங்கிய பின் எழுதப்பட்டவை.

பேச்சு மொழி

புதுமைப்பித்தனின் பாத்திரங்களில் பலர் நெல்லைத் தமிழே பேசுகின்றனர். சென்னையில் நிகழும் கதைகளிலும் இதனைக் காணலாம். சென்னை, தஞ்சை வழக்குகளே கதைகளில் ஓங்கியிருந்த காலத்தில், "வே" என்று விளிக்கும் பிள்ளைமார்களை இவர் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். செல்லம்மாள் கதையின் பிரமநாயகம் பிள்ளை, தென்மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து துணிக்கடையில் வேலை பார்ப்பவர். மனைவியின் பிணத்தருகே அவர் தனித்திருக்கும் இரவு, பேய் எதுவும் வராமலேயே அச்சமூட்டுவது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் இவர் கதைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றனர். துன்பக்கேணி கதையில் நெல்லைக் கிராமமான வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் பெண்ணும் அவர்களுள் ஒருத்தி.

அச்சக் கதைகள்

1943-இல் வெளியான காஞ்சனை இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்கு வரும் பிச்சைக்காரி, வேலைக்காரியாக உள்ளே இடம்பிடிக்கிறாள். நடந்தது மெய்யா, மனமயக்கமா என்பது கடைசிவரை தீர்வதில்லை. சாதாரணப் பெண்ணாக வந்து நம்பிக்கை பெற்றுக் கேடு செய்யும் பழையனூர் நீலியின் கதை வடதமிழகத்தில் திருவாலங்காட்டுப் பகுதியைச் சார்ந்தது. தென்மாவட்டங்களில் அது இசக்கி வழிபாட்டோடு கலந்து வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிறது. சுடலைமாடன் கதையும் அவ்வாறே. காஞ்சனையை இம்மரபோடு ஒப்பிட இடமுண்டு. ஆனால் பேயைச் சுடுகாட்டிலிருந்து அகற்றி, படித்தவனின் படுக்கையறைக்கு அருகில் நிறுத்தியது புதுமைப்பித்தனின் சொந்தச் செயல்.

செவ்வாய் தோஷம் ரத்தக்காட்டேரி நம்பிக்கையை மையமாகக் கொண்டது. காலனும் கிழவியும் இதற்கு நேர்மாறானது. உயிரைக் கவர வரும் எமன், வெள்ளைக்கோயில் கிராமத்துக் கிழவி மருதாயியிடம் தோற்றுத் திரும்புகிறான். அச்சத்தை நையாண்டியாக மாற்றும் இத்திறன் இவரது தனித்தன்மை. மேரி செல்லியின் பிராங்கன்ஸ்டைன் புதினத்தைப் பிரேத மனிதன் என்ற பெயரில் தமிழாக்கியதும் இவரே.

இறுதிக் காலம்

1940-களின் நடுப்பகுதியில் திரைத்துறையில் நுழைந்தார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று தாயின் பெயரால் தொடங்கிய படநிறுவனம் கைகூடவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரின் ராஜமுக்தி படத்துக்காகப் புனே சென்றிருந்தபோது காசநோய் முற்றியது. 1948 மே மாதம் அவர் திரும்பியது திருநெல்வேலிக்கு அன்று. மனைவியின் ஊரான திருவனந்தபுரத்துக்கு. அங்கு 42-ஆம் வயதில் காலமானார். சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் கண்மணி கமலாவுக்கு என்ற தலைப்பில் நூலாயின. பணமின்மையும் பிரிவும் அவற்றில் ஓயாமல் வருகின்றன.

இவரது வாழ்க்கை வரலாற்றை 1951-இல் எழுதியவர் நண்பரும் எழுத்தாளருமான தொ. மு. சி. ரகுநாதன். அவரும் திருநெல்வேலிக்காரரே. புதுமைப்பித்தனின் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு 2002-இல் நாட்டுடைமையாக்கியது.