மூதறிஞரின் மனநிறைவு

ஓசூர் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவன வரிசையாய் நிற்கும் தொழிற்சாலைகளும், கருநாடக எல்லையைக் கடந்து விரையும் சரக்கு வண்டிகளுமே. அந்நகரை அடுத்துள்ள சிற்றூர் தொரப்பள்ளி. அங்கே 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பிறந்தவர் இராசகோபாலாச்சாரியார். மூதறிஞர் இராஜாஜி என நாடு போற்றியது இவரையே. இவர் பிறந்த இல்லம் இப்பொழுது நினைவு இல்லமாகப் பேணப்படுகின்றது.

ஓசூரிலும் பெங்களூரிலும் கற்றுச் சென்னையில் சட்டம் பயின்ற இராஜாஜி, 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார். பொருளும் புகழும் தேடி வந்தன. ஆனால், நாற்பது வயது நிரம்புமுன்னரே மனைவியார் மறைந்தார். தாயற்ற மக்கள் ஐவரை வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அந்நிலையிலும் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, கைநிறைந்த வருவாயைத் துறந்தார். இழந்தவற்றை எண்ணி ஏங்கும் இயல்பு அவரிடம் இல்லை.

1921ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறை புகுந்தார். மூச்சிரைப்பு நோய் அவரை வாட்டியது. எனினும் நூல்களைப் பயின்றார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளை ‘ஆத்ம சிந்தனை’ என்னும் பெயரில் தமிழில் தந்தார். அரண்மனையில் வாழ்ந்துகொண்டே மனத்தை அடக்கி ஆள முயன்றவர் அவ்வரசர். தமக்கும் ஒருநாள் அத்தகைய மாளிகை வாழ்வு வாய்க்கும் என்று இராஜாஜி எதிர்பார்த்திருக்க மாட்டார்.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிச் சிறு குடிலில் வாழ்ந்தார். கதர் நூற்போரும் உழவரும் அவர்தம் அண்டை அயலார். 1948ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். தில்லி மாளிகையிலோ 340 அறைகள்! வைசிராய்கள் உறங்கிய பெரிய படுக்கையறை அவருக்கு ஒவ்வவில்லை. விருந்தினர் பகுதியிலிருந்த எளிய அறைக்குக் குடிபெயர்ந்தார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அப்பகுதியிலேயே தங்கலாயினர். ஏவலர் பலர் சூழ இருந்தும், தம் ஆடையைத் தாமே துவைத்துக்கொள்ளும் வழக்கத்தை அவர் விடவில்லை. உணவுப் பஞ்சம் நிலவிய அந்நாளில் மாளிகை நிலத்தின் ஒரு பகுதியை உழுவித்துப் பயிரிடச் செய்தார். குடிலில் தேவைப்படாதது மாளிகையிலும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவர் எல்லாருக்கும் இனியவராகவே இருந்தார் எனல் பொருந்தாது. தாம் சரியெனக் கண்டதில் பிடிவாதம் மிக்கவர். சென்னை மாநில முதலமைச்சராக 1953இல் அவர் கொணர்ந்த கல்வித்திட்டம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. மறு ஆண்டில் பதவி விலகினார். அத்திட்டத்தை முன்னின்று எதிர்த்தவர்களுள் ஒருவர் பெரியார் ஈ. வெ. இராமசாமி. இருவரும் இளமை தொட்டே நண்பர்கள். மேடையில் ஒருவரையொருவர் மறுத்தனர்; ஆயினும், அம்மாறுபாட்டை நட்பினுள் நுழைய விடவில்லை.

83ஆம் வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டுமென வற்புறுத்த, 1962இல் அமெரிக்கா சென்று கென்னடியைக் கண்டார். 1972ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். இறுதிச் சடங்கு நடந்த இடத்திற்குத் தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியாரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தனர். பல்லாண்டுகள் எதிரணியில் நின்ற அம்முதியவர், நண்பரின் உடலைக் கண்டு கண்ணீர் உகுத்தார்.