மாணவர் இதழில் புறப்பட்ட கால எந்திரம் – எச்.ஜி. வெல்ஸ்

டைம் மெஷின் என்ற பேரைக் கேள்விப்படாதவர் நம்மில் யாராவது உண்டா? சினிமாவிலும் கதையிலும் கார்ட்டூனிலும் பார்த்துப் பார்த்துப் பழகிப் போன சமாச்சாரம் அது. ஆனால் அந்த எந்திரம் முதன்முதலில் எங்கே அச்சேறியது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. பெரிய பத்திரிகையிலும் அல்ல, பெரிய பதிப்பகத்திலும் அல்ல. இப்போது உங்கள் கையில் இருக்கும் மலரைப் போல, மாணவர்களே சேர்ந்து நடத்திய ஒரு கல்லூரி இதழில்தான்! எழுதியவர், அதே கல்லூரியில் கடைசித் தேர்வில் ஃபெயிலாகி வெளியே போன ஒரு மாணவர். பேர் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ். வீட்டில் கூப்பிட்டது பெர்ட்டி. உலகம் அறிந்தது எச்.ஜி. வெல்ஸ்.

தரைக்குக் கீழே ஒரு சமையலறை

1866 செப்டம்பர் 21ஆம் தேதி, லண்டனுக்குப் பக்கத்தில் பிராம்லி என்ற ஊரில் பிறந்தார் வெல்ஸ். அப்பா ஜோசப், பீங்கான் சாமான்களும் கிரிக்கெட் மட்டைகளும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கடை சரியாக ஓடவில்லை. ஆனால் மனுஷன் பந்து போடுவதில் கில்லாடி! 1862இல் கென்ட் அணிக்காக ஆடியபோது, சஸ்ஸெக்ஸ் அணியின் 4 பேரை அடுத்தடுத்த 4 பந்துகளில் அவுட்டாக்கியவர். கிரிக்கெட்டில் வந்த காசும் சேர்ந்துதான் குடும்பம் நடந்தது.

வீடு கடையோடு ஒட்டியது. சமையலறை பாதி தரைக்குக் கீழே. வெளிச்சம் வருவது மேலே தெருவோரத்தில் பதித்திருந்த கம்பி வலை வழியாக. இந்தச் சமையலறையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

1874இல் சிறுவன் பெர்ட்டிக்குக் கால் முறிந்தது. படுத்த படுக்கை. பொழுது போக வேண்டுமே என்று அப்பா நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து கொடுத்தார். பையனுக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது அப்போதுதான். ஆனால் 1877இல் அப்பாவுக்கே தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட் போச்சு, அதில் வந்த காசும் போச்சு. 1880இல் அம்மா சாரா, கல்யாணத்துக்கு முன் தான் பணிப்பெண்ணாக இருந்த அப்பார்க் என்ற பெரிய மாளிகைக்கே வீட்டு நிர்வாகியாக வேலைக்குப் போனார்.

அந்த மாளிகையில் ஒரு விசித்திரம். வேலைக்காரர்கள் எசமானர்கள் கண்ணில் படாமல் போய்வர பூமிக்கடியில் சுரங்கப்பாதைகள் இருந்தன. மேலே வெளிச்சமும் விருந்தும். கீழே இருட்டும் வேலையும். பையன் இரண்டையும் பார்த்தான்.

துணிக்கடையில் 2 வருஷம்

அண்ணன்மார் இருவரும் துணிக்கடைக்குத்தான் போனார்கள். தம்பிக்கும் அதே வழி என்று அம்மா முடிவு கட்டினார். முதலில் போன துணிக்கடை ஒத்துவரவில்லை. ஒரு மருந்துக் கடையிலும் கொஞ்ச நாள். கடைசியில் 1881இல் சவுத்ஸீ என்ற ஊரில் ஒரு பெரிய துணிக்கடையில் பணம் கட்டி, ஒப்பந்தம் எழுதி, பயிற்சி ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு 13 மணி நேர வேலை. ராத்திரி மற்றப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்கை. நம் ஒர்க்‌ஷாப்பில் நாள் பூராவும் நின்றாலே கால் வலிக்குது. அந்தப் பையன் 2 வருஷம் அப்படி நின்றான். தன் நேரம் தன் கையில் இல்லை என்பது எப்படிப்பட்ட வலி என்று அவனுக்கு அங்கேதான் தெரிந்தது.

1883இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடையை விட்டுக் கிளம்பி, 17 மைல் தூரம், அதாவது சுமார் 27 கிலோமீட்டர், நடந்தே அப்பார்க் போய்ச் சேர்ந்தான். சர்ச்சிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த அம்மாவை வழிமறித்து, இனி அந்தக் கடைக்குப் போக மாட்டேன் என்று சொன்னான். கட்டிய பணம் போய்விடுமே என்று அம்மாவுக்குக் கவலை. பையன் அசையவில்லை.

மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் பள்ளித் தலைமையாசிரியர் பயாட் கை கொடுத்தார். சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தானும் படிக்கலாம் என்று ஏற்பாடு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அரசாங்கம் நடத்திய விஞ்ஞானத் தேர்வுகளில் மாணவன் பாஸானால் பள்ளிக்கு மானியம் வரும். வெல்ஸ் மாலை வகுப்புகளில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாஸாகித் தள்ளினார். பள்ளிக்கு மானியம் கிடைத்தது. இவருக்கு 1884இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த விஞ்ஞானக் கல்லூரியில் இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு! இம்பீரியல் கல்லூரியின் ஒரு பகுதியாகப் பின்னாளில் ஆனது அதுதான்.

ஃபெயிலான மாணவன், பத்திரிகை ஆசிரியன்

உதவித்தொகை வாரத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். லண்டன் வாழ்க்கைக்கு அது போதாது. பணம் கைக்கு வருவதற்கு முந்தின நாட்களில் மதியச் சாப்பாடு இல்லாமலே போகும்.

முதல் வருஷம் உயிரியல். பாடம் எடுத்தவர் டார்வின் கொள்கைக்காக ஊரெல்லாம் வாதாடிய டி.எச். ஹக்ஸ்லி. அவருடைய வகுப்பில் வெல்ஸ் பிரமாதமாகத் தேறினார். உயிரினங்கள் மேலேயும் போகலாம், சிதைந்து கீழேயும் போகலாம் என்ற எண்ணம் அங்கேதான் மனசில் விதையாக விழுந்தது. அடுத்த வருஷம் இயற்பியல், அதற்கடுத்து நிலவியல். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. லேபில் இருக்க வேண்டிய நேரத்தில் நூலகத்தில் இருந்தார். விவாத மன்றத்தில் பேசினார். 1886இல் நண்பர்களோடு சேர்ந்து மாணவர் இதழ் ஒன்றைத் தொடங்கி அதன் முதல் ஆசிரியரும் ஆனார். சயன்ஸ் ஸ்கூல்ஸ் ஜர்னல் என்பது அதன் பேர். நீளம், அகலம், உயரம் போல நான்காவது பரிமாணம் ஒன்று உண்டா என்று மாணவர்கள் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. காலம்தான் அந்த நான்காவது என்றால், அதில் முன்னேயும் பின்னேயும் ஏன் போகக் கூடாது? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

விளைவு? 1887இல் நிலவியல் பேப்பரில் ஃபெயில்! பட்டம் இல்லாமல் வெளியே வந்தார்.

வேல்ஸில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை கிடைத்தது. போன கொஞ்ச நாளில் கால்பந்து மைதானத்தில் பலமான அடி; சிறுநீரகம் பாதித்தது. அப்புறம் இருமினால் ரத்தம். காசநோய் என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். வயசு 21. பட்டம் இல்லை, வேலை இல்லை, உடம்பும் இல்லை.

உடம்பு தேறிவந்த அந்த மாதங்களில் தான் தொடங்கிய இதழுக்கே ஒரு கதை அனுப்பினார். 1888 ஏப்ரல், மே, ஜூன் என மூன்று இதழ்களில் வந்தது. கொலை நடந்து பாழடைந்த ஒரு கிராமத்து வீட்டில் வினோதமான விஞ்ஞானி ஒருவர் குடிவருகிறார். ராத்திரியில் பளிச்சென்று வெளிச்சம், விளங்காத சத்தம். சூனியக்காரன் என்று ஊர் திரண்டு வருகிறது; மனிதர் பாதிரியாரோடு சேர்ந்து மாயமாகிறார். மர்மத்துக்கு விடை, காலத்தில் செல்லும் ஒரு எந்திரம். யோசனை அருமை. ஆனால் நடை கரடுமுரடு, பேர்கள் வாயில் நுழையாது. மூன்றாவது தவணையோடு எழுதியவருக்கே அதை மேலே நகர்த்த முடியவில்லை. நிறுத்திவிட்டார்.

ஏழு வருஷம், ஒரே கதை

சாதாரண ஆளாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். வெல்ஸ் விடவில்லை. லண்டனில் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தபடியே படித்து, 1890இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வாங்கினார். விலங்கியலில் முதல் வகுப்பு. காலை வாரிவிட்ட அதே நிலவியலில் இரண்டாம் வகுப்பு! அரியரோடு அல்லாடும் நண்பர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

கால எந்திரக் கதையை இடையில் இரண்டு முறை வேறு வேறு மாதிரி எழுதிப் பார்த்தார், அவை அச்சேறவில்லை. 1893இல் மறுபடியும் வாயில் ரத்தம். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு எழுத்தையே நம்பி இறங்கினார். 1894இல் ஹென்லி என்ற ஆசிரியர் தம் பத்திரிகையில் அந்த யோசனையைக் கட்டுரைகளாகப் போட்டார். எழுதியவர் பேர் கூடப் போடவில்லை. அதுவும் பாதியில் நின்றது. அந்தக் கோடையில் ஸெவனோக்ஸ் என்ற ஊரில் வாடகை அறையில், திறந்த ஜன்னலோரம் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து முழுக்க மாற்றி எழுதினார். விளக்கு எண்ணெய் செலவாகுதே என்று வீட்டுக்காரம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

1895 ஜனவரி முதல் மே வரை, ஹென்லி புதிதாகப் பொறுப்பேற்ற நியூ ரெவ்யூ பத்திரிகையில் தொடராக வந்து, அதே மே மாதம் டைம் மெஷின் புத்தகமானது. ஹென்லி கேட்டார் என்பதற்காகத் தொடரில் சேர்த்த ஒரு பகுதியை, மனசுக்குப் பிடிக்காததால் புத்தகத்தில் வெட்டி எறிந்தார்.

கதை என்ன? பேர் சொல்லப்படாத ஒரு விஞ்ஞானி தன் எந்திரத்தில் ஏறி கி.பி. 802701ஆம் ஆண்டுக்குப் போகிறார். அங்கே எலோய் என்ற மென்மையான குட்டி மனிதர்கள் பழம் தின்று, பூப் பறித்து விளையாடுகிறார்கள். சொர்க்கம் என்று நினைக்கும்போதே எந்திரம் காணாமல் போகிறது! யார் எடுத்தது? எலோய்கள் ராத்திரி என்றால் ஏன் நடுங்குகிறார்கள்? அந்த வறண்ட கிணறுகள் எதற்கு? ஒரு துப்பறியும் கதை போல முடிச்சு அவிழ்கிறது. பூமிக்கடியில் மோர்லாக் என்ற இன்னொரு இனம். எந்திரங்களை ஓட்டுவது அவர்கள். இரவில் மேலே வந்து எலோய்களைப் பிடித்துத் தின்பதும் அவர்களே. ஒரு காலத்தில் மேலே உட்கார்ந்து அனுபவித்தவர்களின் வாரிசு எலோய். கீழே தள்ளப்பட்டு உழைத்தவர்களின் வாரிசு மோர்லாக். சமுதாயத்தை இரண்டாகப் பிளந்து வைத்தால் மனித இனமே இரண்டாகிவிடும் என்பதுதான் கதையின் எச்சரிக்கை.

பிராம்லியின் சமையலறையும் அப்பார்க்கின் சுரங்கமும் ஞாபகம் வருகிறதா? 8 லட்சம் வருஷம் தள்ளிப் போனாலும் தான் பார்த்ததைத்தான் வெல்ஸ் எழுதினார். 1888இல் அவரிடம் இருந்தது எந்திரம் மட்டும். 1895இல் அந்த எந்திரத்துக்குப் போய்ச் சேர ஒரு இடம் கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம்

அவருக்கு முன்னால் யாருமே காலப் பயணம் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்பெயின் நாட்டு கஸ்பார் 1887இலேயே ஒரு எந்திரத்தைக் கதையில் ஓட்டினார். அமெரிக்காவின் மார்க் ட்வெய்ன் 1889இல் தன் நாயகனைப் பழங்காலத்துக்கு அனுப்பினார். ஆனால் உலகத்தின் வாயில் நின்ற பேர் வெல்ஸ் வைத்த டைம் மெஷின்தான். 1960இல் அது சினிமாவானது. 2002இல் மறுபடி எடுத்தவர் அவருடைய கொள்ளுப்பேரன் சைமன் வெல்ஸ்!

பின்னாலே விஞ்ஞானமும் அந்தப் பக்கம் வந்தது. 1905இல் ஐன்ஸ்டைன், வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று நிறுவினார். 1971இல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து அதைச் சோதித்தார்கள். வித்தியாசம் நானோ விநாடிக் கணக்கில் இருந்தது. எதிர்காலத்துக்குத் துளித்துளியாக முந்திப் போக வழி உண்டு. பின்னோக்கிப் போக மட்டும் யாருக்கும் வழி தெரியவில்லை.

1896 முதல் 1898க்குள் டாக்டர் மோரோவின் தீவு, கண்ணுக்குத் தெரியாத மனிதன், செவ்வாய்க்காரர்கள் படையெடுக்கும் உலகப் போர் என்று வரிசையாக நாவல்கள். 1914இல் வந்த நாவல் ஒன்றில் அணுகுண்டு என்ற ஆயுதத்தைக் கற்பனை செய்தார். அதை 1932இல் படித்த லியோ ஸிலார்டு என்ற இயற்பியலாளருக்கு, மறு வருஷம் அணு தொடர்வினை யோசனை வந்தது.

குறையே இல்லாத மனிதர் என்று சொல்வதற்கில்லை. 1901இல் எதிர்காலம் பற்றி எழுதிய புத்தகத்தில் சில இன மக்களைக் குறித்து இரக்கமில்லாமல் எழுதினார். 1914 போர் எல்லாப் போரையும் முடித்துவைக்கும் என்று நம்பி ஏமாந்தார். ஆனால் சர்க்கரை நோயாளியான அவரே 1934இல் அந்த நோயாளிகளுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்க முன்னின்றார். 75 வயசைத் தாண்டிய பிறகு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி லண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததையும் பார்த்துவிட்டு, 1946 ஆகஸ்ட் 13ஆம் தேதி லண்டனில் காலமானார்.

நண்பர்களே! இந்த மலரில் கதையோ கவிதையோ கட்டுரையோ எழுதியிருக்கிறவர்கள் தங்கள் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். இன்றைக்கு அது சுமாராக இருக்கலாம், பாதியில் நிற்கலாம். பரவாயில்லை. மாணவர் இதழில் அரைகுறையாக வந்த கதைக்கும் உலகம் படித்த நாவலுக்கும் நடுவே இருந்தது 7 வருஷம். அதைத் தாண்டிப் போக வெல்ஸிடம் எந்த எந்திரமும் இல்லை. ஒவ்வொரு ராத்திரியாக உட்கார்ந்து எழுதித்தான் தாண்டினார்.