கண்ணாடியில் கட்டிய நகரம்

வானத்தை முட்டும் கட்டிடங்கள். கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவே, அந்தரத்தில் பாலங்கள். பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறது. கீழே கார்கள் எறும்புச் சாரை போல ஊர்கின்றன. நடுவே விமானங்கள் பறக்கின்றன.

எதிர்கால நகரம் என்றதும் இப்படி ஒரு காட்சிதான் நம் மனதில் எழுகிறது. சினிமாவிலும் சித்திரக் கதைகளிலும் இதைப் பலமுறை பார்த்துவிட்டோம்.

இந்தக் காட்சியை உலக மக்களின் மனதில் ஆழமாகப் பதித்தவர், ஒரு சினிமா டைரக்டர். அவர் பெயர் பிரிட்ஸ் லாங். அவர் எடுத்த படத்தின் பெயர் மெட்ரோபோலிஸ். 1927-ம் ஆண்டு ஜெர்மனியில் வெளிவந்த ஊமைப் படம் அது.

கட்டிடக்காரர் மகன்

பிரிட்ஸ் லாங் 1890-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி, ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். தகப்பனார் அன்டன் லாங், கட்டிடத் தொழில் நடத்தியவர்.

மகனும் இதே தொழிலுக்கு வரவேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். ஆனால் பையனுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஓவியத்தில்தான் நாட்டம். வீட்டாரின் விருப்பத்தை மீறி ஊரை விட்டுக் கிளம்பினார். பாரிஸ் நகரத்தில் தங்கி, படம் வரைந்து பிழைத்தார்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. லாங் ஊருக்குத் திரும்பி ராணுவத்தில் சேர்ந்தார். ரஷ்ய முனையிலும் ருமேனிய முனையிலும் போரிட்டார். காயம் பட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். பொழுது போகவேண்டுமே! படுத்தபடியே சினிமாக் கதைகள் எழுத ஆரம்பித்தார்.

அந்தக் கதைகள்தான் அவரை பெர்லினுக்கு அழைத்துச் சென்றன. எரிக் பொம்மர் என்ற பட அதிபர் அவருக்கு வேலை கொடுத்தார். 1919-ல் லாங் டைரக்டர் ஆனார். 1922-ல் தியா வான் ஹார்பு என்ற கதாசிரியையை மணந்தார். மனைவி கதை எழுதுவார். கணவர் படம் எடுப்பார். இருவரும் சேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வெற்றிப் படங்கள் கொடுத்தார்கள்.

கப்பலில் கண்ட காட்சி

1924 அக்டோபரில் லாங்கும் பொம்மரும் கப்பலில் அமெரிக்கா போனார்கள். கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது இரவு. உடனே இறங்க முடியவில்லை. லாங் கப்பலில் நின்றபடியே நகரத்தைப் பார்த்தார்.

எங்கு பார்த்தாலும் விளக்குகள். அணைந்து அணைந்து எரியும் விளம்பரங்கள். உயர்ந்த கட்டிடங்கள் ஒளியில் மிதப்பது போலத் தெரிந்தன. அந்த இரவில்தான் மெட்ரோபோலிஸ் பிறந்தது என்று அவர் பின்னாளில் பலரிடம் சொல்லி வந்தார்.

உண்மையில், அவர் கப்பல் ஏறுவதற்கு முன்பே மனைவி கதை எழுதத் தொடங்கிவிட்டார். ஆனாலும் கதைக்கு ஒரு முகம் வேண்டுமல்லவா? அந்த முகத்தைக் கொடுத்ததில் நியூயார்க்குக்குப் பெரும் பங்கு உண்டு.

மேலே ஒரு நகரம், கீழே ஒரு நகரம்

கதை இதுதான். மெட்ரோபோலிஸ் என்பது எதிர்காலத்தில் ஒரு மாநகரம். அதை ஆளுபவர் ஒரு பெரிய முதலாளி. பணக்காரர்களின் பிள்ளைகள் உயரத்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பந்தய மைதானம் இருக்கிறது. அதிசயச் செடிகள் நிறைந்த தோட்டம் இருக்கிறது.

பூமிக்கு அடியில் இயந்திரங்கள் ஓடுகின்றன. அதற்கும் கீழே, வெயிலே படாத ஆழத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். முதலாளியின் மகன் ஒரு நாள் கீழே போகிறான். ஒரு பெரிய இயந்திரம் வெடித்து தொழிலாளர்கள் சாவதைப் பார்க்கிறான். அவன் மனம் மாறுகிறது.

இந்தக் கதையைத்தான் லாங் கட்டிடங்களிலேயே சொன்னார். யார் எஜமான், யார் ஏழை என்று வாயால் சொல்லத் தேவையில்லை. யார் எந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும்.

மேல் நகரத்தில் ஒளி. கீழ் நகரத்தில் இருட்டு. மேலே ஒவ்வொரு கட்டிடமும் ஒவ்வொரு விதம். கீழே எல்லா வீடும் ஒரே அச்சு, பெட்டி பெட்டியாக. மேலே இளைஞர்கள் வெள்ளை உடை அணிந்து ஓடி விளையாடுகிறார்கள். கீழே தொழிலாளர்கள் கருப்பு உடை அணிந்து, தலை குனிந்து, வரிசை வரிசையாக ஒரே அடி வைத்து நடக்கிறார்கள்.

கடிகாரத்தில்கூட ஒரு செய்தி உண்டு. தொழிற்சாலைக் கடிகாரத்தில் 12 மணி கிடையாது, 10 மணிதான். ஏனென்றால் தொழிலாளியின் வேலை நேரம் 10 மணி. அவனுக்கு நாள் என்பதே அவ்வளவுதான்.

கோயில் போய் கோபுரம் வந்தது

நகரத்துக்குப் படம் வரைந்தவர் எரிக் கெட்டல்ஹுட் என்ற ஓவியர். ஓட்டோ ஹுன்டே, கார்ல் வால்பிரெக்ட் ஆகிய இருவரும் அவருடன் செட் வேலைகளைக் கவனித்தார்கள்.

கெட்டல்ஹுட் முதலில் வரைந்த படத்தில், உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே ஒரு பழைய மாதா கோயில் இருந்தது. லாங் அதைப் பார்த்தார். கோயிலை எடுத்துவிட்டு அங்கே பேபல் கோபுரத்தை வைக்கும்படி படத்தின் மேலேயே எழுதிக் கொடுத்தார்.

பேபல் கோபுரம் என்பது பைபிளில் வரும் கதை. மனிதர்கள் கர்வம் கொண்டு, வானத்தைத் தொடும் கோபுரம் கட்ட முயன்றார்கள். அவர்களுடைய பாஷைகள் வெவ்வேறாகிவிட்டன. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை. கோபுரம் பாதியில் நின்றது.

லாங் செய்த மாற்றம் சிறியதுதான். ஆனால் நகரத்தின் பொருளே மாறிவிட்டது. தெய்வம் இருந்த இடத்தில் முதலாளியின் அலுவலகம் வந்துவிட்டது. நகரத்தின் எல்லாக் கட்டிடங்களுக்கும் மேலே, கிரீடம் வைத்தது போல அந்தக் கோபுரம் நிற்கிறது. உச்சியில் நிற்பவனுக்கு அடியில் இருப்பவனின் குரல் கேட்காது. பேபல் கதையும் அதுதானே!

பழமையையும் லாங் அடியோடு விட்டுவிடவில்லை. வானளாவும் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு பழைய, கோணலான சிறு வீடு நிற்கிறது. அதில்தான் மந்திரவாதி போன்ற ஒரு விஞ்ஞானி வசிக்கிறார். இயந்திர மனுஷியை உருவாக்குபவர் அவர்தான். புதிய நகரத்துக்கு நடுவே அந்தப் பழைய வீட்டைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது.

கண்ணாடி வித்தை

இவ்வளவு பெரிய நகரத்தை உண்மையாகக் கட்ட முடியுமா? முடியாது. சின்னச் சின்ன பொம்மைக் கட்டிடங்கள் செய்தார்கள். அவற்றின் நடுவே பொம்மைக் கார்களை வைத்தார்கள். ஒவ்வொரு காரையும் கையால் கடுகளவு நகர்த்துவார்கள். ஒரு படம் எடுப்பார்கள். மறுபடி நகர்த்துவார்கள். மறுபடி ஒரு படம். திரையில் சில வினாடி ஓடும் காட்சிக்குப் பல நாள் உழைத்தார்கள். விமானங்கள் கம்பியில் ஓடின.

பொம்மைக் கட்டிடத்துக்குள் மனிதர்கள் நடமாட வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? அதற்கு யூஜின் ஷுப்டான் என்ற நிபுணர் ஒரு தந்திரம் வைத்திருந்தார்.

காமிராவுக்கு முன்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்வாக வைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பொம்மைக் கட்டிடம் அதில் தெரியும். கண்ணாடியின் ஒரு பகுதியில் மட்டும் ரசத்தைச் சுரண்டிவிடுவார்கள். அந்த இடம் ஜன்னல் கண்ணாடி போல ஆகிவிடும். அதன் வழியாக, தூரத்தில் நிற்கும் நடிகர்கள் தெரிவார்கள். காமிராவின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பொம்மைக் கட்டிடம் மலை போலத் தோன்றும். அதன் அடியில் மனிதன் எறும்பு போல நிற்பான்.

பிற்காலத்தில் வேறு நாட்டுப் பட முதலாளிகளும் இந்த முறையைக் கையாண்டார்கள்.

தண்ணீரில் நின்ற குழந்தைகள்

படப்பிடிப்பு 1925 மே மாதம் ஆரம்பமாகி 1926 அக்டோபரில் முடிந்தது. 310 பகலும் 60 இரவும் படம் பிடித்ததாக உபா கம்பெனி கணக்குக் கொடுத்தது. 15 லட்சம் மார்க்கில் முடிக்கத் திட்டமிட்ட படம், 50 லட்சம் மார்க்கைத் தாண்டியது.

லாங் பிடிவாதக்காரர். தாம் நினைத்தது வரும்வரை விடமாட்டார். கதாநாயகி பிரிஜிட் ஹெல்முக்கு அதுதான் முதல் படம். 20 வயதுகூட நிரம்பவில்லை. இயந்திர மனுஷியாகவும் அவரே நடித்தார். அவருடைய உடம்பை அச்செடுத்து, மரப் பசையால் கவசம் செய்து, உலோகம் போல வர்ணம் பூசினார்கள். கவசத்துக்குள் நிற்பதே வேதனை. உடம்பெல்லாம் கன்றிப்போகும்.

கீழ் நகரத்தில் வெள்ளம் புகும் காட்சிக்குக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். பெர்லின் நகரத்தின் ஏழைத் தெருக்களிலிருந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கூட்டிவந்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் நிறைந்த காலம். குழந்தைகள் நாள்கணக்கில் குளிர்ந்த தண்ணீரில் நின்றார்கள். தலையை மொட்டையடித்துக்கொண்டு கோபுரத்துக்குக் கல் இழுத்தவர்களும் கூலிக்கு வந்த ஏழைகளே.

ஏழைகளின் துயரத்தைச் சொல்ல வந்த படம், ஏழைகளை வாட்டியே எடுக்கப்பட்டது. இந்தக் குறையை லாங்கின் வரலாற்றிலிருந்து மறைக்க முடியாது.

தோல்வியும் பிரிவும்

1927 ஜனவரி 10-ந் தேதி பெர்லினில் படம் வெளியாயிற்று. மக்கள் நகரத்தைப் பார்த்து வியந்தார்கள். ஆனால் கதை பலருக்குப் பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் கடுமையாகத் தாக்கி எழுதினார். போட்ட பணம் திரும்பவில்லை. நஷ்டத்தில் தத்தளித்த கம்பெனி, அந்த ஆண்டே ஹுகன்பெர்க் என்ற பத்திரிகை அதிபரின் கைக்கு மாறியது.

இரண்டரை மணி நேரப் படத்தைக் கண்டபடி வெட்டிச் சுருக்கினார்கள். வெட்டிய துண்டுகள் எங்கே போயின என்றே தெரியாமல் போயிற்று.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். லாங் எடுத்த டாக்டர் மபூசின் உயில் என்ற படத்தை நாஜி அரசாங்கம் தடை செய்தது. அவருடைய தாயார் யூத குலத்தில் பிறந்தவர். அவருக்கே ஆபத்து நெருங்கியது. மனைவியோ நாஜிகளின் பக்கம் சேர்ந்தார். அந்த ஆண்டே விவாகரத்து நடந்தது. லாங் தனியாக நாட்டை விட்டு வெளியேறினார்.

பாரிஸ் வழியாக 1934-ல் அமெரிக்கா சேர்ந்தார். ஹாலிவுட்டில் 20 ஆண்டுக்கு மேல் படம் எடுத்தார். பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி, இந்தியாவைக் களமாகக் கொண்டு இரண்டு படங்கள் எடுத்தார். அதற்காக ராஜஸ்தானில் உள்ள உதயப்பூருக்கு வந்து காட்சிகள் பிடித்தார். அந்தப் படங்கள் 1959-ல் வெளிவந்தன.

வயதான காலத்தில் கண் பார்வை மங்கியது. உலகத்துக்கே ஒரு காட்சியைக் கொடுத்தவரின் கண்ணில் இருள் சூழ்ந்தது. 1976 ஆகஸ்டு 2-ந் தேதி, அமெரிக்காவில் தம் 85-வது வயதில் காலமானார்.

மீண்டு வந்த நகரம்

லாங் மறைந்து 32 ஆண்டுகள் கழிந்தன. 2008-ல் ஓர் அதிசயம் நடந்தது. தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவின் தலைநகரான போனஸ் ஏர்சில் ஒரு சினிமாப் பொருட்காட்சிசாலை இருக்கிறது. அங்கே மெட்ரோபோலிஸ் படத்தின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அழிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்த காட்சிகளில் பெரும்பகுதி அதில் இருந்தது. கீறல் விழுந்த அந்தப் பிரதியைச் சுத்தம் செய்து, 2010 பிப்ரவரியில் மறுபடி பெர்லினில் திரையிட்டார்கள்.

அதற்கு முன்பே, 2001-ல், யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தப் படத்தை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம் பெற்ற முதல் சினிமாப் படம் இதுதான்.

இன்று உயரமான கட்டிடங்கள் உலகமெங்கும் எழுந்துவிட்டன. பறக்கும் பாலங்களும் வந்துவிட்டன. ஆனாலும் மெட்ரோபோலிஸ் நகரத்தைப் பார்த்தால் இன்றும் மனம் நடுங்குகிறது. உயரத்தை மட்டும் காட்டியிருந்தால் அது என்றோ பழசாகியிருக்கும். அந்த உயரத்தைத் தாங்குவது யாருடைய தோள் என்பதையும் லாங் அதே திரையில் காட்டினார்.