விண்ணேறிய வீராங்கனை கல்பனா சாவ்லா

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எவருடைய வரலாற்றை எழுதலாம் என்று எண்ணியபோது, ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் நாள் நம் நினைவுக்கு வந்தது. கரிவலம்வந்தநல்லூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும், ஒரு பாடத்தில் தவறிய மாணவன் அன்றே ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு விசைத்தறிக்கோ தீப்பெட்டித் தொழிற்சாலைக்கோ சென்றுவிடுவதை நம் ஆசிரியப் பணியில் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். அத்தகைய பிள்ளை அறிந்துகொள்ள வேண்டிய வாழ்வு கல்பனா சாவ்லா அம்மையாருடையது.

இன்றைய அரியானா மாநிலத்துக் கர்னால் நகரில் 1962 மார்ச் 17 அன்று அவர் பிறந்தார். நாட்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்து, சிறு வணிகம் செய்து மெல்ல மெல்ல மேலெழுந்த குடும்பம் அது. ஊரில் விமானப் பயிற்சிக் கழகம் ஒன்று இருந்தமையால், வீட்டின்மேல் பறந்து செல்லும் சிறு விமானங்களைக் கண்டே அச்சிறுமி வளர்ந்தார்.

சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயில அவர் விரும்பியபோது, அப்பிரிவு பெண்களுக்கு ஏற்றதன்று, வேறொன்றைத் தேர்ந்துகொள் என்று அறிவுரை கூறினர். அவர் சினந்து பேசவுமில்லை. தம் விருப்பத்தை விட்டுக்கொடுக்கவுமில்லை. கேட்ட பிரிவையே பெற்று, 1982-இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, 1984-இல் டெக்சாஸில் முதுகலைப் பட்டமும், 1988-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். விமானத்தைச் சுற்றிக் காற்று ஓடும் முறையைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்தார். விமானம் ஓட்டவும், பிறருக்குக் கற்பிக்கவும் உரிமம் பெற்றார்.

1994 டிசம்பரில் நாசா நிறுவனம் விண்வெளிப் பயிற்சிக்கு அமெரிக்கர் 19 பேரைத் தேர்ந்தது. விண்ணப்பித்தவரோ ஏறத்தாழ 3,000 பேர். அப்பத்தொன்பதின்மருள் கல்பனாவும் ஒருவர். 1997 நவம்பர் 19 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏறி, இந்தியாவில் பிறந்து விண்வெளி சென்ற முதல் பெண்மணி என்னும் பெருமையை அடைந்தார்.

அப்பயணத்திலேயே அவருக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. கதிரவனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்னும் செயற்கைக்கோளை இயந்திரக் கையால் வெளியே விடும் பொறுப்பு அவருடையது. விடப்பட்ட கோள் இயங்கவில்லை. மீண்டும் பற்ற முயன்றபோது அது சுழன்று விலகியது. சக வீரர் இருவர் வெளியே சென்று கைகளாலேயே அதனைப் பிடித்து மீட்க வேண்டியதாயிற்று. உலகமே பார்த்திருக்க நிகழ்ந்த தவறு. பழி அவர்மீது விழுந்தது. பின்னர் நடந்த விசாரணையில், கணிப்பொறி அமைப்பிலும் வகுக்கப்பட்ட நடைமுறைகளிலும் இருந்த குறைகள் வெளிப்பட்டன, பழி நீங்கியது. அதுவரை அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தம் பணியைத் தொடர்ந்தார்.

2000-ஆம் ஆண்டில் இரண்டாம் பயணத்திற்குத் தேர்வானார். அதுவோ பலமுறை தள்ளிப்போயிற்று. 2002-இல் விண்ணோட எஞ்சின்களின் எரிபொருள் குழாய் உட்பகுதிகளில் விரிசல்கள் காணப்பட்டமையால் மேலும் தாமதமாயிற்று. பயிற்சியில் தளராமல் அவர் காத்திருந்தார். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா புறப்பட்டது. வீரர் எழுவரும் இரு பிரிவாகப் பிரிந்து, இரவும் பகலும் மாறி மாறி உழைத்து, ஏறத்தாழ 80 ஆய்வுகளைச் செய்து முடித்தனர். ஆனால், புறப்படும்போது எரிபொருள் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடச் சிறகைத் தாக்கிப் பழுதாக்கியிருந்தது. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சுமார் 16 நிமிடங்களே இருந்த நிலையில், விண்ணோடம் சிதைந்து எழுவரும் உயிர் நீத்தனர்.

இளைஞர்களே, இவ்வாழ்வில் மூவகைத் தடைகளைக் காண்கிறோம். பிறருடைய தப்பெண்ணத்தால் வருவது முதலாவது. அங்கே உறுதி வேண்டும். நம் கையில் நேரும் பிழையால் வருவது இரண்டாவது. அங்கே பிழையை ஆராய்ந்து திருத்தும் நேர்மை வேண்டும். எவர் குற்றமுமின்றிக் காலத்தால் வருவது மூன்றாவது. அங்கே பொறுமை வேண்டும். எது எவ்வகை என்று பகுத்தறிவதே முதற்கல்வி. தேர்வில் தவறியதற்கும் பிறப்பின்மேல் பழி போட்டு ஓய்ந்திருத்தல் தகாது. பிறப்பைக் காட்டி எவரேனும் தடுத்தால் அதனை நம் தகுதிக்குறைவென்று ஏற்றலும் தகாது.

கல்பனா அம்மையார் பிறப்பால் ஒதுக்கப்பட்டவரல்லரே என்று நம்மவர் வினவலாம், நியாயமான வினாவே. அதற்கு ரொனால்ட் மெக்நேர் விடையாவார். அமெரிக்கக் கறுப்பினச் சிறுவனான அவருக்கு, 1959-இல், ஒன்பதாம் வயதில், ஊர் நூலகம் நூல் தர மறுத்தது. காவலர் வந்தும் அவர் இடம் பெயராது அமர்ந்திருந்து நூல்களைப் பெற்றே சென்றார். பின்னாளில் இயற்பியல் முனைவராகி, 1984-இல் விண்வெளி சென்றார். 1986-இல் சேலஞ்சர் விபத்தில் மறைந்தார். மறுத்த அந்நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கல்பனாவின் பெயரை நம் நாடு ஒரு வானிலைச் செயற்கைக்கோளுக்குச் சூட்டியது. துணிவு மிக்க பெண்களுக்குத் தமிழக அரசு சுதந்திர தின விழாவில் அவர் பெயரால் விருது வழங்குகிறது. நம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியிலேதான் இந்திய ராக்கெட்டுகளின் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. அங்கே பணிபுரியவும், அதற்கு மேலும் செல்லவும் நம் பிள்ளைகளால் இயலும். தவறிய பாடத்தை மறுபடி எழுத வரும் பிள்ளைக்காக நம் சங்கத்தின் கதவும் பள்ளியின் கதவும் என்றும் திறந்திருக்கும். வருக, பயில்க, உயர்க!