கீரைச் சத்தை மாத்திரையாக்கியவர்

8 நாளில் 2 சாவு! இறந்த இருவரும் சுப்பாராவுடன் பிறந்தவர்கள். அவர்களைப் பலி கொண்டது ஸ்புரூ என்னும் வியாதி. ஓயாத வயிற்றுப்போக்கு. சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. ரத்தம் குறையும். ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிடுவார். அந்தக் காலத்தில் அதற்கு நல்ல மருந்து கிடையாது.

மருந்தைப் பிற்காலத்தில் செய்து கொடுத்த குழுவின் தலைவர் சுப்பாராவேதான்! ஃபோலிக் அமிலம் என்பது அந்த மருந்து. முதுமையில் வரும் அல்சைமர் என்ற மறதி நோயைப் பற்றிப் பேசும்போதும் இன்று டாக்டர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

மூன்றாவது தடவை

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. ஏழைக் குடும்பம். படிப்பு ஏறவில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் 2 தடவை தவறினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது தடவை தேறினார்.

பிறகு ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவி ஆகவேண்டும் என்ற ஆசை வந்தது. சென்னையில் அந்த மடம் இருப்பது மயிலாப்பூரில். ஆனால் தாயார் சம்மதிக்கவில்லை. எனவே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர்ச் சட்டை

காந்தி சொன்னார் என்று சுப்பாராவ் கதர் உடுத்தினார். ஆபரேஷன் அறைக்கும் கதரிலேயே போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. அரசாங்க வேலையும் இல்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

1922-ல் அமெரிக்கா சென்றார். மனைவி சேஷகிரி ஊரில் இருந்தார். போன கணவர் திரும்பி வரவே இல்லை. சுப்பாராவின் புகழைப் பாடுகிறவர்கள் அந்த அம்மாளின் துயரத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டில் படித்தார். வயிற்றுப்பாட்டுக்கு, இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை செய்தார். 1925-ல் பிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையை வெளியிட்டார். இருவர் பெயரும் அந்த முறைக்கு நிலைத்தது. அப்படியும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

ஃபோலிக் என்ற பெயர் இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. கீரையில் உள்ள சத்து அது. ஈரலிலும் உண்டு. ஈரலில் இருந்து அதைப் பிரித்தெடுத்து, 1945-ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகவே செய்துவிட்டது. ஸ்புரூ நோயாளிகள் பிழைத்தார்கள். அந்த நோய்க்கு உதவும் மற்றொரு மருந்து வகையில் முதலாவதான ஆரியோமைசினும், யானைக்கால் நோய்க்குத் தரும் டி.இ.சி. மாத்திரையும் அதே கம்பெனியில், அவர் காலத்தில் பிறந்தவை.

1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே காலமானார். வயது 53.

ரத்தம் சொன்ன சேதி

புரத உணவு செரித்த பிறகு, உடம்பில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் உண்டாகிறது. உண்டாவதில் தவறில்லை. தேங்கக் கூடாது. ஃபோலிக் அமிலமும் பி-12 வைட்டமினும் சேர்ந்து அதை மறுபடி உடம்புக்கு உதவும் பொருளாக மாற்றுகின்றன. இவை குறைந்தால், ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் ஏறும்.

பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃபிராமிங்காம் என்று ஓர் ஊர். அங்கே மறதி நோய் இல்லாத 1,092 முதியவர்களின் ரத்தத்தை அளந்து, சுமார் 8 ஆண்டு கவனித்தார்கள். 111 பேருக்கு அறிவு மங்கியது. அவர்களில் 83 பேருக்கு வந்தது அல்சைமர். ஹோமோசிஸ்டீன் லிட்டருக்கு 14 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு! 2002-ல் இதை வெளியிட்டவர்களில் முதல் பெயர் டாக்டர் சுதா சேஷாத்ரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கம் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையங்களிலும் இன்று இந்த அளவைப் பார்க்கலாம். கூடுதலாக இருந்தால் நோய் வந்தே தீரும் என்று நடுங்க வேண்டாம். அது ஓர் எச்சரிக்கை மட்டுமே. மறதி தொடங்கியவர்களுக்கு, மூளையில் அல்சைமர் படிவு இருக்கிறதா என்று அறிய உதவும் ரத்தப் பரிசோதனை வேறு. அதை 2025-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

ஃபோலிக் மாத்திரை சாப்பிட்டால் அல்சைமர் வராது என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. டாக்டரைக் கேளாமல் அதை விழுங்குவதும் சரியல்ல. பி-12 குறைந்தவர் ஃபோலிக் மட்டும் சாப்பிட்டால், சோகை மாறிவிடும். நரம்பு கெடுவது மட்டும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். பி-12 கீரையில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. ஃபோலிக் சத்து கீரையிலும் பயறிலும் தாராளமாக இருக்கிறது. கீரையை நெடுநேரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் அதோடு போய்விடும்.