சொற்களின் வேரைத் தேடியவர்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள இன்வெரெஸ்க் என்னும் ஊரில் 1820ஆம் ஆண்டு ஹென்றி யூல் பிறந்தார். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றியவர். அரபு, பாரசீகச் சுவடிகளைச் சேகரித்தவர். பொறியியல் பயின்ற யூல், வங்காளப் பொறியாளர் படை அதிகாரியாக 1840இல் இந்தியாவுக்குச் சென்றார். கால்வாய்களைச் சீரமைத்தார், சீக்கியப் போர்களில் பங்கேற்றார், 1855இல் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவின் செயலாளராகவும் இருந்தார்.

1862இல் பணி ஓய்வு பெற்ற யூல், மனைவியின் உடல்நலத்தை எண்ணி இத்தாலியின் பலெர்மோ நகரில் குடியேறினார். அங்கே பழைய பயண நூல்களில் ஆழ்ந்தார். மார்க்கோ போலோவின் பயணங்களைப் பற்றி 1871இல் அவர் வெளியிட்ட நூல் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. ஆயினும், அவருடைய மிக நீண்ட உழைப்பு இனிமேல்தான் தொடங்கவிருந்தது.

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேய வணிகர்களும் சிப்பாய்களும் எழுத்தர்களும் தமக்கென ஒரு கலப்பு ஆங்கிலத்தைப் பேசிவந்தனர். அதில் தமிழ், இந்துஸ்தானி, மலாய், போர்த்துகீசியம் முதலிய மொழிகளின் சொற்கள் உருமாறிக் கிடந்தன. பேச்சில் மட்டும் வாழும் சொல், அதைப் பேசியவர்களோடு மறைந்துவிடும். பழைய கடிதங்களைப் பிற்காலத்தவர் படித்தாலும் பொருள் விளங்காது.

இதே கவலை ஆர்தர் பர்னெல் என்பவருக்கும் இருந்தது. அவர் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்த அறிஞர். இருவரும் லண்டனில் உள்ள ஒரு நூலகத்தில் சந்தித்தனர். அதன்பின் பலெர்மோவுக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. ஒவ்வொரு கடிதத்திலும் சொற்கள்!

யூல் ஊகத்தை நம்பவில்லை, சான்றைத் தேடினார். ஒரு சொல் எந்த ஆண்டில், எந்த நூலில், எந்த எழுத்துக்கூட்டலில் வந்தது என்று பார்த்து, சான்றுகளைக் கால வரிசையில் அடுக்கினார். மிளகுத்தண்ணீர் என்னும் தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் 'மல்லிகடானி' ஆனது. அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று 1784ஆம் ஆண்டுப் பாடல். ஹைதர் அலியின் படையிடம் சிறைப்பட்ட கடற்படை வீரர் ஒருவர், மிளகுத்தண்ணீரும் கஞ்சியுமாகக் காலம் தள்ளுவதைச் சொல்லிப் புலம்பிய பாடல் அது. அகராதியில் இப்படி ஒரு கைதியின் பசியையும் காணலாம்.

நம் வட்டாரச் சொற்களும் அவர் கண்ணில் பட்டன. வீட்டைச் சுற்றியுள்ள வளாகத்தைக் குறிக்கும் 'காம்பவுண்ட்' எங்கிருந்து வந்தது? போர்த்துகீசியச் சொல்லே அதன் மூலம் என்ற கருத்தையும் யூல் ஆராய்ந்தார். இருப்பினும், 1613இல் மலாக்காவைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பு போன்ற சான்றுகளை எடுத்துக்காட்டி, 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லின் பக்கமே சாய்ந்தார். 'கோடவுன்' என்பதோ இன்னும் சுவையானது. அது மலாய்மொழியின் 'குடாங்' வழியாக ஆங்கிலத்திற்குச் சென்றது. அந்த மலாய்ச் சொல்லோ தென்னிந்தியாவின் 'கிடங்கு', 'கிட்டங்கி' ஆகியவற்றிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் கருதினார்.

1882இல், நூல் முடிவடையும் முன்பே, பர்னெல் காலமானார். அப்போது அவருக்கு வயது 42தான். அறுபதைக் கடந்திருந்த யூல் தனியே பணியைத் தொடர்ந்தார். பெரும்பகுதி தம் உழைப்பாக இருந்தும், 1886இல் வெளிவந்த நூலில் நண்பரின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்தே அச்சிட்டார்.

நூலுக்கு அவர் வைத்த பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. முஹர்ரம் ஊர்வலத்தில் ஹசன், ஹுசைன் ஆகியோரை எண்ணி எழுப்பப்படும் துயரக் குரல், ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் இவ்வாறு விழுந்தது. ஒரு சமயத்தாரின் துயரத்தை வேடிக்கைப் பெயராக்கியது இன்று பலருக்கு நெருடலாக இருக்கும். ஆனால், அயற்சொல்லைத் தம் மொழியின் ஓசைக்கேற்ப மாற்றிக்கொள்வதை மொழியியலார் இன்றும் அப்பெயராலேயே சுட்டுகின்றனர்.

ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரேயும் யூலின் நூலைப் பயன்படுத்திக்கொண்டார். யூல் 1889 டிசம்பரில் மறைந்தார். பின்னர் வில்லியம் குரூக் என்பவர் புதிய சான்றுகளைச் சேர்க்க, 1903இல் வந்த இரண்டாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது.