பீற்றர் மிச்செல்

பரீட்சைப் பெறுபேறொன்றே மாணவனின் ஆற்றலை அளக்குங் கோல் என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு ஆங்கில விஞ்ஞானி பீற்றர் மிச்செலின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

இவர் 1920ஆம் ஆண்டு இங்கிலாந்திலே சறேப் பகுதியிற் பிறந்து, ரோன்ரன் நகரத்துக் குயின்ஸ் கல்லூரியிற் கற்றார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஜீசஸ் கல்லூரி நடத்திய புலமைப்பரிசிற் பரீட்சையில் இவர் பெற்ற பெறுபேறு மிகத் தாழ்ந்ததாயிருந்தது. மாணவனின் திறமையை நன்கறிந்த தலைமையாசிரியர் வைஸ்மன் அக்கல்லூரித் தலைவருக்கு எழுதிய கடிதமே இவருக்கு இடந் தேடித் தந்தது.

உணவு உயிர்க்கலங்களிலே தகனமாகும்போது வெளிப்படுஞ் சத்தி, உடலின் தொழில்களுக்கெல்லாம் உதவும் ஏ.ரி.பி. என்னும் சேர்வையை எவ்வாறு ஆக்குகின்றது? இவ்வினா அக்காலத்தில் விடை காணாப் புதிராயிருந்தது. இடையே சத்தி மிக்க இரசாயனப் பொருளொன்று உண்டெனக் கருதிப் பலர் தேடினர், கண்டாரில்லை. 1961இல் எடின்பரோவிலே பணியாற்றிய மிச்செல் புதியதொரு விளக்கந் தந்தார். அச்சத்தி ஐதரசன் அயன்களை மென்சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு ஏற்றுகின்றது. அதனால் அயன்செறிவிலும் மின்னழுத்தத்திலும் வேறுபாடு உண்டாகின்றது. குளத்திலே தேக்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுதல் போல, அவ்வயன்கள் மீண்டு பாயும்போது ஏ.ரி.பி. ஆக்கப்படுகின்றது. இருவகை வேறுபாடுஞ் சேர்ந்து ஏறத்தாழ 0.2 வோற்றளவினதே, எனினும் நம் உயிர் வாழ்வு அதனைப் பற்றி நிற்கின்றது.

அறிஞர் பலர் இக்கொள்கையை ஏற்க மறுத்தனர். மிச்செலும் நோயுற்று 1963இற் பதவி துறந்தார். ஆயினும் ஊக்கங் குன்றாது, கோண்வாலிலே சிதைந்து கிடந்த கிளின் மாளிகையைப் புதுப்பித்து, ஜெனிபர் மொயில் அம்மையாரின் துணையுடன் அங்கே சிறியதோர் ஆய்வுகூடம் அமைத்தார். 1966இல் அமெரிக்காவிலே யாகென்டோர்வ் என்பார், பச்சையவுருமணிகளை முதலில் அமிலக் கரைசலிலும் பின்னர்க் காரக் கரைசலிலும் இட்டபோது, ஒளியின்றி இருளிலேயே ஏ.ரி.பி. உண்டானதைக் காட்டினார். இத்தகைய சான்றுகளால் எதிர்ப்புப் படிப்படியாகத் தணிந்தது. நுணுக்கங்கள் சில பின்னர்த் திருத்தப்பட்டபோதிலும், கொள்கையின் அடிப்படை நிலைத்தது.

1978ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு இவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அவ்வேளை நிகழ்த்திய உரையிலே, முன்னர் எதிர்த்துப் பின்னர் ஏற்றுக்கொண்டோரின் பெருந்தன்மையை இவர் நன்றியுடன் பாராட்டினார். 1992இற் காலமானார்.

புள்ளி குறைந்த மாணவனொருவனுக்கு நற்சான்று எழுத அமரும்போதெல்லாம் நாம் வைஸ்மனை நினைத்துக்கொள்கின்றோம்.